புழுக்கத்தை அளந்தவர்கள்

ஏப்ரல் மாதத்து மதியம். வாசலில் உட்கார்ந்து பழைய நாட்காட்டி அட்டையால் விசிறிக்கொண்டிருந்த அம்மாவிடம் கைப்பேசியைக் காட்டினேன். "வெப்பம் 33 டிகிரிதாம்மா. ஆனா உணரும் வெப்பம் 41ன்னு போட்டிருக்கு."

அம்மா விசிறுவதை நிறுத்தாமல் கேட்டார். "யாரு உணர்ந்தது?"

அப்போது சிரித்துவிட்டேன். இரவு படுத்தபிறகு அந்தக் கேள்வி திரும்ப வந்தது. 33 என்பதை ஒரு கருவி சொல்கிறது. 41 என்பதை எந்தக் கருவியும் சொல்லவில்லை. யாரோ ஒருவரின் உடம்பை மனத்தில் வைத்துக்கொண்டு யாரோ கணக்குப் போட்டிருக்கிறார்கள். அந்த உடம்பு யாருடையது? அதைத் தேடிப் படித்ததில் கிடைத்தவைதான் இந்தக் கட்டுரை.

நம் மொழியில் இந்த வெப்பத்துக்குத் தனிச்சொல் உண்டு. வெயில் வேறு, வெக்கை வேறு, புழுக்கம் வேறு. நெல்லை நீராவியில் அவித்தால் புழுங்கல். சொல்ல முடியாததை உள்ளே வைத்துக் குமைவதும் புழுக்கம்தான். காற்றில் ஈரம் மிகுந்து உடம்பு அவிகிற நிலையை இதைவிடச் சரியாகச் சொல்ல வேறு சொல் எனக்குத் தெரியவில்லை. அந்தச் சொல்லுக்கு ஓர் எண்ணைக் கொடுக்க விஞ்ஞானத்துக்கு நெடுங்காலம் பிடித்தது.

விஷயத்தை மண்பானையில் இருந்து தொடங்கலாம். மதுரைப் பக்கம் சித்திரை மாதத்தில் மண்பானைத் தண்ணீர் சில்லென்று இருக்கும். அதே பானையைக் கொண்டுவந்து கிள்ளானில் வைத்தால் அத்தனை குளிராது. பானையின் மேல் கசியும் நீர் ஆவியாகும்போது பானையிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. காற்று ஏற்கெனவே ஈரமாக இருந்தால் ஆவியாவது குறைகிறது, குளிர்வதும் குறைகிறது. மனித உடம்பும் இப்படி ஒரு பானைதான். ஒரு லிட்டர் வியர்வை தோலின்மேல் முழுதாக ஆவியானால் ஏறக்குறைய 580 கிலோகலோரி வெப்பத்தைக் கொண்டுபோகும். ஆவியாகாமல் தரையில் சொட்டினால் அதனால் கிட்டத்தட்ட எந்தப் பயனும் இல்லை. உப்பும் நீரும் போனதுதான் மிச்சம்.

வெப்பமானியின் குமிழில் நனைந்த துணியைச் சுற்றிக் காற்றுப்பட வைத்தால் அது காட்டும் அளவு சாதாரண வெப்பமானியைவிடக் குறைவாக இருக்கும். இதற்கு ஈரக்குமிழ் வெப்பநிலை என்று பெயர். வெப்பமானிக்குச் செய்த மண்பானை என்று வைத்துக்கொள்ளலாம். பாலைவன ஊர் ஒன்றில் 40 டிகிரி வெப்பமும் 20 விழுக்காடு ஈரப்பதமும் இருந்தால் ஈரக்குமிழ் 23க்குப் பக்கத்தில் நிற்கும். நம் ஊரில் 32 டிகிரியும் 70 விழுக்காடும் இருந்தால் அது 27ஐத் தாண்டிவிடும். வெப்பமானியில் எட்டு டிகிரி குறைவாக இருக்கும் ஊர் ஈரக்குமிழில் நான்கு டிகிரிக்கு மேல் கூடுதலாக இருக்கிறது.

இதை உடம்பை வைத்தே முதலில் சோதித்துப் பார்த்தவர்களில் லண்டனைச் சேர்ந்த ஜார்ஜ் ஃபோர்டைஸும் சார்ல்ஸ் பிளாக்டனும் முக்கியமானவர்கள். பிளாக்டன் 1775இல் வெளியிட்ட கட்டுரை இன்று படித்தாலும் கதைபோல இருக்கும். வறண்ட காற்றை ஏறக்குறைய 127 டிகிரிவரை சூடாக்கிய அறைக்குள் அவர் சுமார் எட்டு நிமிடம் இருந்துவிட்டு நலமாக வெளியே வந்தார். சூடேற்றிய அந்த அறையில் வைத்த முட்டை வெந்தது, மாட்டிறைச்சி வெந்தது, மனிதர் வேகவில்லை. தரையில் கொதிநீர் ஊற்றி ஈரமாக்கிய அறையில் ஃபோர்டைஸ் செய்த சோதனையில் 50 டிகிரிக்குள்ளேயே உடம்பில் நீர் வழிந்தோடியது. இன்னொரு சோதனை இதைவிட எளிமையானது. சூடான அறையில் இரண்டு பாத்திரங்களில் தண்ணீர் வைத்தார்கள். திறந்திருந்த தண்ணீர் கொதிநிலைக்கு வெகு கீழேயே நின்றது. மேலே எண்ணெய் ஊற்றி மூடிய தண்ணீர் கொதித்தது. புழுக்கம் என்பது நம் உடம்பின்மேல் ஊற்றிய அந்த எண்ணெய்.

ஆனால் இது கனவான்கள் தங்கள் விருப்பத்துக்குச் செய்த சோதனை. கதவைத் திறந்தால் வெளியே வந்துவிடலாம். கதவைத் திறக்க முடியாத இடத்தில் வேலை செய்தவர்களின் கதை வேறு.

இங்கிலாந்தின் லங்காஷயர் நெசவாலைகளில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒரு பழக்கம் பரவியது. பருத்தி நூல் வறண்ட காற்றில் எளிதில் அறும். அதனால் தறிக்கூடத்துக்குள் வேண்டுமென்றே நீராவியைச் செலுத்தினார்கள். நூல் அறவில்லை. நெசவாளர்கள் நனைந்த உடையோடு நாள் முழுக்க நின்றார்கள், அதே உடையோடு குளிர் தெருவில் வீட்டுக்கு நடந்தார்கள். அவர்கள் ஆண்டுக்கணக்கில் முறையிட்டுப் போராடியபிறகு 1889இல் பருத்தித் துணி ஆலைச் சட்டம் வந்தது. கூடத்தில் ஈரக்குமிழ், உலர்குமிழ் வெப்பமானிகள் தொங்க வேண்டும், இந்த வெப்பத்துக்கு இவ்வளவு ஈரம்தான் இருக்கலாம் என்று அட்டவணை போட்டது அந்தச் சட்டம். ஆவி விடுவதை அது தடைசெய்யவில்லை. நூலுக்கும் ஈரம் வேண்டும், ஆளும் சாகக்கூடாது என்று நடுவில் ஒரு கோடு போட்டது. நெசவாளர்கள் அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் போராடினார்கள்.

நான் இங்கே கொஞ்ச நேரம் நின்றேன். ஏனென்றால் ஈரத்தை அளந்த வரலாற்றில் இதே காட்சி திரும்பத் திரும்ப வருகிறது. 1902இல் வில்லிஸ் கேரியர் நியூயார்க்கின் புரூக்ளினில் ஓர் அச்சகத்துக்காகக் காற்றைப் பதப்படுத்தும் அமைப்பை வடிவமைத்தார். இன்றைய ஏர்கோனின் தொடக்கம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். கேரியரை அழைத்தது வெக்கையில் தவித்த அச்சுத் தொழிலாளர்களுக்காக அல்ல. ஈரத்தில் காகிதம் விரிந்து, ஒரு வண்ணத்தின்மேல் அடுத்த வண்ணம் சரியாகப் பொருந்தாமல் போனது. அதைச் சரிசெய்யத்தான். நூலுக்காகக் காற்றில் ஈரத்தைக் கூட்டினார்கள், காகிதத்துக்காகக் குறைத்தார்கள்.

உடம்பை முன்னால் வைத்து அளந்தவர் என்று ஜே. எஸ். ஹால்டேனைச் சொல்லலாம். நச்சுக்காற்றைக் கண்டறியச் சுரங்கத்துக்குள் கேனரிக் குருவியைக் கொண்டுபோகச் சொன்னவர் அவர்தான். கார்ன்வால் சுரங்கங்களின் வெப்பத்தை ஆராய்ந்த அவர் 1905இல் தன் முடிவுகளை வெளியிட்டார். காற்றின் வெப்பத்தை மட்டும் பார்க்காதே, ஈரப்பத விழுக்காட்டை மட்டும் பார்க்காதே, ஈரக்குமிழைப் பார் என்பதுதான் அதன் சாரம். காற்றோட்டம் இல்லாத இடத்தில் ஈரக்குமிழ் 31 டிகிரியைத் தாண்டினால், ஒருவர் வேலை எதுவும் செய்யாமல் சும்மா உட்கார்ந்திருந்தாலும் உடம்பின் வெப்பம் ஏறத் தொடங்குகிறது என்று அவர் கண்டார். காற்று வீசினால் எல்லை கொஞ்சம் மேலே போகும். உடலுழைப்பு இருந்தால் எல்லை கீழே இறங்கும். இந்த 31ஐ நினைவில் வையுங்கள், பின்னால் மறுபடி வரும்.

இந்த அறிவு சுரங்கத்தில் எப்படிப் பயன்பட்டது என்பதற்குத் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்கள் சாட்சி. பாறையை உடைக்கும்போது கிளம்பும் தூசு நுரையீரலைத் தின்றது. தூசை அடக்கத் தண்ணீர் தெளித்தார்கள். ஏற்கெனவே சூடாக இருந்த ஆழச் சுரங்கத்தின் காற்று ஈரத்தில் ஊறிப்போனது. 1920களில் தொழிலாளர்கள் வெப்பத் தாக்கத்தில் சாகத் தொடங்கினார்கள். 1930களில் டிரியோஸ்டி என்ற சுரங்க மருத்துவர், புதிதாக வந்த ஆப்பிரிக்கத் தொழிலாளர்களைச் சூடான ஈர அறைக்குள் பாறையை அள்ளவிட்டு, உடம்பின் வெப்பத்தை அளந்து, யார் தாங்குவார் யார் தாங்கமாட்டார் என்று பிரித்தார். தாங்காதவர்கள் அடையாளம் காணப்பட்டதால் உயிர்கள் தப்பின, அது உண்மை. தங்கம் வருவது நிற்கவில்லை, அதுவும் உண்மை.

இதே காலத்தில்தான் 'இந்த வெப்பத்துக்கு ஏற்ற இனம்' என்ற பேச்சு காலனி நாடுகள் எங்கும் இருந்தது. வெள்ளைக்காரர் உடம்பு தாங்காது, தமிழனும் சீனனும் தாங்குவார்கள் என்றார்கள். துரைகள் பினாங்கு மலைக்கும் ஃபிரேசர் மலைக்கும் கேமரன் மலைக்கும் ஏறினார்கள். உடலியல் சொல்வது வேறு. வெப்பத்துக்குப் பழகுவது இனத்தால் வருவதில்லை. எந்த மனித உடம்பும் ஒன்றிரண்டு வாரங்களில் பழகத் தொடங்கும். பழகிய உடம்பு சீக்கிரமாக வியர்க்கும், அதிகமாக வியர்க்கும். காற்று அந்த வியர்வையை வாங்க மறுத்தால் பழகிய உடம்பும் திணறத்தான் செய்யும்.

என் அம்மா பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்தில் 27 ஆண்டுகள் பால் வெட்டியவர். பால்மரத்தை ஏன் இருட்டோடு வெட்டுகிறார்கள் என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். "வெயில் ஏறுனா பால் வராதுடா" என்பார். அதற்கும் காரணம் ஈரம்தான். இரவில் காற்று குளிர்ந்து ஈரமாக இருக்கும்போது இலைகள் வழியாக நீர் அதிகம் வெளியேறாது. மரத்துக்குள் பால் குழாய்களின் அழுத்தம் உச்சத்தில் இருக்கும். வெயில் ஏற ஏற அழுத்தம் இறங்கும், பால் குறையும். லங்காஷயர் நூலைப்போல எங்கள் மரத்துக்கும் ஈரக்காற்று வேண்டியிருந்தது.

விடிகாலை 24 டிகிரியில் ஈரப்பதம் 95 விழுக்காடு இருந்தாலும் உடம்புக்கு அவ்வளவு கஷ்டம் இல்லை, ஈரக்குமிழ் 24ஐத் தாண்டாது. சிரமம் பத்து மணிக்குமேல். மங்குகளில் இருந்து பாலைச் சேர்த்து, இரண்டு வாளிகளையும் காண்டா கம்பில் தூக்கிக்கொண்டு மேடும் பள்ளமுமாக ஸ்டோருக்கு நடக்க வேண்டும். கொசுவுக்குப் பயந்து முழுக்கைச் சட்டை, அதுவும் அப்பாவின் பழைய சட்டை. தலையில் துண்டு. காலில் பூட்ஸ். இடுப்பில் கொசுவத்தி டின். மரங்கள் அடர்ந்த நிரையில் காற்று அசையாது. மேலே நிழல் இருந்தது, உண்மைதான். ஆனால் ஹால்டேன் சொன்ன மூன்றும், அசையாத காற்றும் ஈரமும் உழைப்பும், அந்த நிழலுக்குள் ஒன்றாக இருந்தன.

என் பெரியம்மா ஒருநாள் பால் வாளியோடு சரிந்து விழுந்தார். தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெசர் உப்புத்தண்ணீர் கொடுத்து, "ரத்தம் கம்மி" என்று சொல்லி அனுப்பினார். அன்றைக்கு அரைநாள் சம்பளம். சிந்திய பாலுக்குக் கணக்கு இல்லை. பெரியம்மா கடைசிவரை அதைச் சொல்லிக்கொண்டே இருந்தார். விழுந்ததைச் சொல்லமாட்டார், பால் கொட்டிப்போனதைத்தான் சொல்வார்.

அந்தத் தோட்டத்தில் அளவைகளுக்குக் குறைவில்லை. அலுவலகத்துக்குப் பின்னால் மழைமானி இருந்தது. மழை பெய்தால் வெட்டு இல்லை என்பதால் மழையை அளந்தார்கள். ஸ்டோரில் பாலுக்குள் எவ்வளவு ரப்பர், எவ்வளவு தண்ணீர் என்று அளந்தார்கள். தண்ணீர் கலந்துவிட்டதாகச் சந்தேகம் வந்தால் சம்பளத்தில் பிடித்தார்கள். பாலில் இருந்த தண்ணீருக்குக் கணக்கு இருந்தது. காற்றில் இருந்த தண்ணீருக்கு இல்லை. ஒரு நனைந்த துணியும் ஒரு வெப்பமானியும் போதும், அதைக்கூட நாங்கள் அங்கே பார்த்ததில்லை.

மலாயாவில் யாருமே அளக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிரிட்டிஷ் கடற்படையின் வெப்பமண்டல ஆய்வுப் பிரிவு சிங்கப்பூரில் இயங்கியது. எல்லிஸ் என்பவர் 1950களின் தொடக்கத்தில் போர்க்கப்பலிலும் சிங்கப்பூர்வாசிகளிடமும் எந்த வெப்பம், எந்த ஈரம், எந்தக் காற்று சுகமாக இருக்கிறது என்று ஆராய்ந்தார். வெப் என்பவர் அந்த வழியில் தொடர்ந்து, நிலநடுக்கோட்டுப் பகுதிக்கென்றே ஒரு வசதிக் குறியீட்டை உருவாக்கினார். நல்ல வேலைதான். ஆனால் கேட்கப்பட்ட கேள்வி 'சுகமாக இருக்கிறதா?' என்பது. அறையில் இருப்பவரிடம் கேட்கும் கேள்வி அது. வாளி தூக்குபவரிடம் கேட்க வேண்டியது 'இன்னும் எவ்வளவு நேரம் தாங்கும்?'

அந்த இரண்டாவது கேள்வியை ராணுவம் கேட்டது. அமெரிக்காவின் பேரிஸ் தீவில் பயிற்சிபெற்ற கடற்படைக் காலாட்படையினர் வெப்பத்தில் சுருண்டு விழுந்துகொண்டிருந்தார்கள். யாக்லூவும் மினார்டும் 1950களின் நடுவில் அதற்கு ஒரு வழி கண்டார்கள். ஈரக்குமிழில் 70 விழுக்காடு, வெயிலின் கதிர்வீச்சை வாங்கும் கறுப்பு உருண்டைக்குள் வைத்த வெப்பமானியில் 20 விழுக்காடு, சாதாரண வெப்பமானியில் 10 விழுக்காடு எடுத்துக் கூட்டினார்கள். எண் ஓர் அளவைத் தாண்டினால் கொடி ஏறும், பயிற்சி குறையும் அல்லது நிற்கும். விழுபவர்களின் எண்ணிக்கை குறைந்தது. மொத்தத்தில் பத்தில் ஏழு பங்கை ஈரக்குமிழுக்கும், பத்தில் ஒன்றை மட்டும் நாம் தினமும் பார்க்கும் வெப்பநிலைக்கும் கொடுத்த கணக்கு இது. இன்று சிங்கப்பூர் வானிலைத் துறை வெளியிடுவதும் இதைத்தான்.

அம்மாவின் கேள்விக்குப் பதில் 1979இல் இருக்கிறது. ராபர்ட் ஸ்டெட்மன் என்ற ஆய்வாளர் புழுக்கத்தை மதிப்பிடுவதுபற்றி அந்த ஆண்டு எழுதிய கட்டுரைதான், அமெரிக்க வானிலைச் சேவை பயன்படுத்தும் 'உணரும் வெப்ப'க் குறியீட்டுக்கு அடிப்படை. கைப்பேசிகளில் வரும் எண்களுக்குப் பின்னாலும் இதுபோன்ற கணக்குகள்தான் இருக்கின்றன. கணக்குப் போட ஒரு மனிதர் வேண்டும் அல்லவா? ஸ்டெட்மன் ஒருவரைக் கற்பனை செய்தார். உயரம் 1.7 மீட்டர். எடை 67 கிலோ. கால்சட்டையும் அரைக்கைச் சட்டையும் போட்டிருக்கிறார். மெல்லிய காற்று வீசுகிறது. மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் நடக்கிறார். நிழலில் நடக்கிறார்.

அந்த ஆள் உணர்ந்ததுதான் 41.

ஸ்டெட்மன்மேல் குற்றம் இல்லை. எந்தக் கணக்குக்கும் ஒரு சராசரி தேவை. ஆனால் இங்கே எண்களை வாசிப்பவர்கள் அந்த மனிதரை மறந்துவிடக் கூடாது. வெயிலில் நின்றால் எண் இன்னும் மேலே போகும். செம்பனைக் குலையைச் சுமந்தால், இரும்புக் கம்பி கட்டினால், அறுபது எழுபது வயது ஆகியிருந்தால் அந்த 41 நமக்கானது அல்ல.

மலேசியாவில் பதிவான அதிகபட்ச வெப்பம் 40.1 டிகிரி, 1998 ஏப்ரல் 9இல் பெர்லிஸ் சூப்பிங்கில். எல்லாரும் நினைவில் வைத்திருப்பது இந்த எண்ணைத்தான். நம் வானிலைத் துறையின் வெப்ப அலை எச்சரிக்கையும் தொடர்ந்து மூன்று நாள் அதிகபட்ச வெப்பம் 35, 37, 40 என்று தாண்டுவதைப் பார்த்தே தரப்படுகிறது. ஈரம் அந்தக் கணக்கில் இல்லை. 34 டிகிரியில் காற்றில்லாமல் புழுங்குகிற ஒரு நாள் எச்சரிக்கைக்குள் வராமலே போய்விடும். ஈரக்குமிழைக் கணக்கில் எடுக்கும் வேலையிட வழிகாட்டி 2016இலேயே நம்மிடம் வந்துவிட்டது. அது வழிகாட்டி. சிங்கப்பூரில் 2023 அக்டோபரில் ஒரு படி மேலே போனார்கள். நான் மேலே சொன்ன கலவை எண் 32ஐ எட்டினால், வெளியில் கடும் உழைப்பில் இருப்பவர்களுக்கு மணிக்குப் பத்து நிமிட ஓய்வாவது தரவேண்டும். புதிதாக வந்த தொழிலாளியைப் படிப்படியாக வெப்பத்துக்குப் பழக்க வேண்டும். பத்து நிமிடம் என்பது சின்ன விஷயமாகத் தெரியலாம். பெரியம்மாவுக்கு அந்தப் பத்து நிமிடம் கிடைத்திருந்தால் அன்றைக்குப் பால் கொட்டியிருக்காது.

ஹால்டேனின் 31 மறுபடி வரும் என்றேன். 2010இல் ஷெர்வுட், ஹியூபர் என்ற இரு விஞ்ஞானிகள் ஈரக்குமிழ் 35ஐத் தாண்டினால் எந்த மனித உடம்பும் நெடுநேரம் தாக்குப்பிடிக்காது என்று கணக்கிட்டார்கள். பூமி சூடாவதைப்பற்றிய பேச்சில் அந்த 35 பரவலாக அடிபட்டது. பிறகு பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் உண்மையான மனிதர்களை, அதுவும் இளம் வயதினரை, ஈர அறையில் இலேசான வேலை செய்யவைத்துப் பார்த்தார்கள். 2022இல் வெளியான முடிவின்படி, சூடும் ஈரமும் மிகுந்த காற்றில் உடம்பு கட்டுப்பாட்டை இழக்கத் தொடங்கியது 30க்கும் 31க்கும் இடையில். 117 ஆண்டுகளுக்கு முன்பே சுரங்கத்துக்குள் இறங்கியவர் ஏறக்குறைய இதே இடத்தில் கோடு போட்டிருந்தார்.

ஏர்கோன் தன் கடமையின் ஆளுகைக்கு எவ்வளவு உதவியது என்று லீ குவான் இயூ சொன்னது நம் பக்கத்தில் பிரபலம். வெப்பத்தைக் குறைப்பதோடு காற்றில் உள்ள நீரையும் பிழிந்து எடுப்பதுதான் ஏர்கோன். பழைய கடைவீதியில் அஞ்சடியில் நடக்கும்போது மேலேயிருந்து தோளில் சொட்டும் நீர், உள்ளே இருப்பவர்களின் புழுக்கம். அது வெளியே நடப்பவர்கள்மேல் விழுகிறது.

இதையெல்லாம் படித்து முடித்த வாரத்தில் அம்மாவிடம் பதிலைச் சொன்னேன். "அன்னைக்குக் கேட்டீங்களே, யாரு உணர்ந்ததுன்னு. அது ஒரு ஆளு. அறுபத்தேழு கிலோ. அரைக்கைச் சட்டை. காத்தோட்டமா நெழல்ல நடந்து போறாரு. அவருக்கு நாப்பத்தொண்ணு."

எதிர் மனையில் மாடி வீடு எழும்பிக்கொண்டிருந்தது. வங்காளதேசத்துப் பையன்கள் இரண்டு பேர் முழுக்கைச் சட்டையோடு, முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு, சிமெண்டு குழைத்துக்கொண்டிருந்தார்கள். அம்மா அவர்களையே பார்த்தார்.

"நெழல்ல போறவனுக்கே நாப்பத்தொண்ணா?" என்றார். பிறகு எழுந்து உள்ளே போய், பெரிய ஜக்கில் ஐஸ் போட்டுக்கொண்டு வந்தார்.